இரண்டு விரல் காட்டினால் போதும்

எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒருமுறை நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். கணவனும் மனைவியும் மட்டும் வெளியூர் போனால் முதல் சண்டை எதற்காக வரும்? காசு, கைப்பேசி, மாமியார் என்று பதில்கள் வந்து குவியும் என எதிர்பார்த்தேன். அழைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொன்னது சாப்பாடு. எங்கே சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது, "நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு, முடிவு பண்ணியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. ஈப்போவிலிருந்து அழைத்த ஓர் அம்மா, தேனிலவுக்குப் போன லங்காவியில் ஒரு தட்டு மீ கோரெங்கால் இரண்டு நாள் பேசாமல் இருந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முந்தைய மீ கோரெங். அதன் விலைகூட அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

சென்ற நவம்பரில் நானும் என் கணவரும் 7 நாள் தோக்கியோவில் இருந்தோம். கோயில் பார்த்தோம், கோபுரம் பார்த்தோம், மஞ்சளாகிப்போன கிங்கோ மரங்களின் கீழே எல்லாரையும்போல படம் எடுத்துக்கொண்டோம். அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்த 21 வேளைச் சாப்பாட்டைப் பற்றி.

21 வேளை என்று எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. எனக்குக் காலை நிகழ்ச்சி. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கோலாலம்பூருக்குக் காரை எடுத்தால்தான் 6 மணிக்கு உங்களுக்கு வணக்கம் சொல்ல முடியும். நான் தூங்கப் போகும்போது அவர் கிளம்புவார், அவர் திரும்பும்போது நான் ஒலிபரப்பில் இருப்பேன். கல்யாணமாகி 7 வருடம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைவிட அதிகம் பேசுவது குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான். "சோறு இருக்கு, ரசம் கீழ்த்தட்டில", "மீன் நேத்து வச்சது, பாத்துக்க", "முட்டை வாங்கணும்". இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள், தவறினால் அதுவும் இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தோக்கியோவில் ஒரே வாரத்தில் நாங்கள் நான்கைந்து மாதச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் என் மாமனார் தவறிவிட்டார். பத்து மாதம்தான் ஆகியிருந்தது. "வருஷத் திதிகூட முடியல, அதுக்குள்ள ஜப்பானா?" என்று உறவில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். பயணத்தையே கைவிட்டுவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தைதான் நடுவில் புகுந்தார். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா அவரு எந்திரிச்சு வந்துருவாரா? போய்ட்டு வாங்க. இவன் ஒழுங்கா சாப்பிட்டு எத்தன நாளாச்சு, அங்கயாச்சும் சாப்பிடுறானான்னு பாரு."

அத்தை சொன்னது சரி. என் கணவர் அழவில்லை, வேலைக்கு விடுப்பு எடுக்கவில்லை. இறப்புப் பத்திரம், சேமநிதி வாரியப் பாரங்கள், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக முடித்துக் கோப்பில் வைத்தார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஓக்கேதான்" என்பார். முன்பின் தெரியாத நேயரை ஒன்றரை நிமிடத்தில் பேச வைப்பது என் தொழில். அந்த வித்தை எதுவும் வீட்டில் பலிக்கவில்லை. கரண்டியும் கையுமாக, அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் மனிதரிடம் என்ன பேட்டி எடுப்பது?

தோக்கியோ அவருடைய தேர்வு. நான் நாடகங்கள் பார்த்துப் பார்த்து சியோலுக்கு ஆசைப்பட்டிருந்தேன். ஏன் தோக்கியோ என்று கேட்டதற்கு "சும்மாதான்" என்றார். அந்தச் சும்மாவின் கதை பிறகு வருகிறது.

முதல் நாளே ஒரு நல்ல செய்தி தெரிந்தது. தோக்கியோவின் சாப்பாட்டுக் கடைகளுக்கு இரண்டு பேர் என்பது மிகத் தோதான எண்ணிக்கை. எட்டு இருக்கை, பத்து இருக்கை உள்ள குட்டிக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆறு பேராகப் போனால் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கதவைத் தள்ளி இரண்டு விரலைக் காட்டினால் போதும், யாராவது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் வந்துவிடும். ராமென் கடை வாசலில் ஒரு இயந்திரம் நிற்கும். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சின்னச் சீட்டு விழும். அதைச் சமையல்காரரிடம் நீட்டிவிட்டு உட்கார வேண்டும். படம் இல்லாத இயந்திரம் என்றால் கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராதான் துணை. அது ஒரு முறை "கோபமான வெங்காயம்" என்று மொழிபெயர்த்தது. அதைத்தான் அவர் அழுத்தினார். நன்றாகவே இருந்தது.

அந்தக் கடைகளில் எதிரெதிரே உட்கார முடியாது. சமையல் மேடையைப் பார்த்தபடி நீளமான ஒரு பலகை, அதன் முன்னால் வரிசையாக இருக்கைகள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே ஒருவர் நூடல்ஸை வடித்து உதறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். எனக்கு இது பிடித்துப் போனது. பத்து வருட வானொலி அனுபவத்தில் நான் கவனித்த ஒன்று, நேயர்கள் மனதில் கிடப்பதைச் சொல்வது பெரும்பாலும் காரிலிருந்து அழைக்கும்போதுதான். கண் சாலையில் இருக்கும், வாய் தன்பாட்டுக்குப் பேசும். முகத்துக்கு நேரே ஒருவர் உட்கார்ந்து "சொல்லு" என்றால் யாருக்கும் வராது. முதல் இரண்டு நாளில் அந்தப் பலகைகளின் முன்னால் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. துறைமுகத்தில் புதிதாக வந்த மேலாளர், எங்கள் காரின் பிரேக் சத்தம், அவர் தங்கையின் மகனுக்குப் பல் முளைத்தது, அவ்வளவுதான். ஆனால் அதையே பேசி எத்தனை மாதமாகியிருந்தது!

சாப்பாட்டு விதிகள் எங்களுக்கும் உண்டு. இருவரும் மாட்டிறைச்சி தொடமாட்டோம். எனக்குப் பன்றியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சைவம். இந்தப் பட்டியலோடு தோக்கியோவில் சாப்பிட முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் இரண்டும் பெரிய பிரச்சினை இல்லை. பன்றி எலும்பைக் கொதிக்க வைக்கும் ராமென் கடைகளுக்குப் பக்கத்திலேயே கோழிச் சாற்றில் செய்யும் கடைகளும் இருக்கும், கேட்டு நுழைந்தால் போதும். வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். அவர்களுடைய சமையலுக்கு அடித்தளம் 'தாஷி' என்ற ஒரு சாறு. கடற்பாசியும் காய வைத்துச் சீவிய சூரை மீனும் சேர்த்து எடுப்பது. நம் ஊரில் மாசிக் கருவாடு என்போமே, அதற்கு நெருங்கிய உறவு. மிசோ சூப்பில் அது இருக்கும், முட்டைச் சுருளில் இருக்கும், காய்கறி தெம்புராவைத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. "மீன் இல்லை" என்று கடைக்காரர் சத்தியமாகச் சொல்வார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மீன் அல்ல, சுவை.

அந்த வெள்ளிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது தோக்கியோ ரயில் நிலையம். டிக்கெட் வாயிலுக்கு உள்ளே, கெய்யோ தடத்துக்குப் போகும் வழியில் 'டீஸ் தன்தன்' என்றொரு கடை இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத ராமென். எள்ளும் சோயாவும் சேர்ந்த குழம்பு, மேலே மிளகாய் எண்ணெய். அந்த நிலையத்தில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் நடந்த நடையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. "உன் விரதத்துக்கு நான் நடக்கிறேன்" என்று முனகிக்கொண்டே வந்தவர், என் கிண்ணத்தையும் பாதி காலி செய்தார்.

மேலே சொன்ன முதல் சண்டை எங்களுக்கும் வந்தது. மூன்றாம் நாள் இரவு, ஒரு சிறு இசக்காயாவில். நம் ஊர்க் கணக்கில், குடித்துக்கொண்டே கொறிக்கும் கடை. உட்கார்ந்தவுடன் ஆளுக்கொரு குட்டிக் கிண்ணத்தில் ஏதோ கீரை வைத்தார்கள். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் அதற்கும் விலை. அவர் கண் சிவந்தது. நான் சமாதானம் பேச, "நீ எப்பவும் மத்தவன் பக்கம்தான்" என்று ஆரம்பித்தது. அதன் பெயர் 'ஓதோஷி'. இருக்கைக் கட்டணத்தையே ஒரு தின்பண்டமாக வைக்கும் பழக்கம், அந்த வகைக் கடைகளில் வழக்கமானது. அந்த ஊரில் டிப்ஸ் கிடையாது, வரியும் விலையும் எழுதியபடி இருக்கும், தண்ணீர் சும்மா கிடைக்கும். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான் அவர் முகம் இறங்கி வந்தது. அந்தச் சண்டை கீரைக்காக அல்ல என்பது இருவருக்கும் தெரியும். மதியம் மூன்று மணிக்கே சாப்பிடாமல் விட்டதற்காக வந்தது அது. அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் தேடிப் போய்ச் சாப்பிடுவது. மற்ற இரண்டும் கால் எங்கே நிற்கிறதோ அங்கே. பசி என்று ஒருவர் சொன்னால் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு கதவுக்குள் நுழைந்துவிட வேண்டும், ஆராய்ச்சி கூடாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு மிகவும் பிடித்த உணவகம் உணவகமே அல்ல. பெரிய கடைத்தொகுதிகளின் நிலவறையில் இருக்கும் உணவுத் தளம். சுஷிப் பெட்டிகள், வறுத்த கோழி, சாலட், பார்த்தாலே பயமாக இருக்கும் விலையில் பழங்கள். மூடும் நேரம் நெருங்கினால் ஊழியர் ஒருவர் கையில் ஒட்டுக் காகிதத்தோடு வருவார். முதலில் 20 விழுக்காடு கழிவு, பிறகு பாதி விலை. தோக்கியோப் பாட்டிகள் நான்கைந்து பேர், வேறு எதையோ பார்ப்பதுபோல பாவனை செய்துகொண்டு அவர் பின்னாலேயே நகர்வார்கள். இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பாட்டிகளின் கூட்டத்தில் என் கணவரும் ஒருவர். "இன்னும் அஞ்சு நிமிஷம் பொறு, சால்மன் பெட்டிக்கு வந்துருவான்" என்று என் காதில் கிசுகிசுப்பார். பத்து மாதத்தில் அவர் எதற்கும் அவ்வளவு ஆர்வம் காட்டி நான் பார்க்கவில்லை.

காலைச் சாப்பாடு என் இலாகா. ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. என் உடம்புக் கடிகாரம் விடுமுறையிலும் 4 மணிக்கு அடித்தால் அங்கே 5. தூங்குகிறவரை எழுப்பாமல் இறங்கிப் போய், மூலையில் இருக்கும் 24 மணி நேரக் கடையில் சூடான காப்பியும் ஓனிகிரியும் வாங்கி வருவேன். ஓனிகிரி என்றால் கையால் அழுத்திப் பிடித்தது என்று அர்த்தம். சோற்றை முக்கோணமாகப் பிடித்து, உள்ளே மீனோ புளித்த உமே பழமோ வைத்து, கடற்பாசித் தாளில் சுற்றியது. அந்த உறையைப் பிரிப்பதே ஒரு கலை. 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் இழுத்தால் தாள் நமுத்துப் போகாமல் சோற்றின்மேல் வந்து படியும். எழுந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டு, அதைக் கையில் பிடித்து மெதுவாகக் கடித்துச் சாப்பிடுவார். கரண்டி இல்லாமல் அவர் சோறு சாப்பிடுவதைப் பார்த்து நாளாகிவிட்டதே என்று அப்போது தோன்றியது. தோன்றியதோடு சரி.

தேடிப் போன வேளைகளில் இரண்டு, அவர் வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு வந்தவை. இரண்டுமே கறிச்சோறு! தோக்கியோ வரை போய்க் கறிச்சோறா என்று நானும் கேட்டேன். சும்மாதான் என்றவர் அப்போதுதான் காரணம் சொன்னார்.

அவருடைய தாத்தா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியபின், தோட்டத்துப் பையன்கள் சிலரோடு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். அந்தப் படையிலிருந்து தேர்ந்தெடுத்த சில இளைஞர்களை ராணுவப் பயிற்சிக்காகத் தோக்கியோவுக்கு அனுப்பினார்கள். தாத்தா அந்த வரிசையில் இல்லை. "தாத்தா மட்டும் நாலு எழுத்து இங்கிலீஷ் படிச்சிருந்தா தோக்கியோ பாத்திருப்பாரு" என்பது மாமாவின் நிரந்தர வேடிக்கை. நானே அதைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். தாத்தா போகவில்லை, மாமா போகவில்லை. லோரி ஓட்டி ஓய்வுபெற்ற மாமா தாண்டிய ஒரே எல்லை ஹாட்யாய்.

ஷின்ஜுகுவில் இருக்கிற நகமுராயா என்ற கடையின் கதையை நான் ஒலிபரப்பிலேயே ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். ராஷ் பிகாரி போஸ் என்ற வங்காளப் புரட்சியாளர் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பான் வந்தார். அவரை நாடு கடத்த ஆங்கில அரசு நெருக்கியபோது, ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதி அவரைத் தங்கள் வளாகத்திலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டு மகள் தோஷிகோவை அவர் மணந்தார். ஒளிந்தும் இடம் மாறியும் கழிந்த வாழ்க்கை. இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1925இல் தோஷிகோ இறந்துவிட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1927இல், நகமுராயாவில் உணவகம் திறந்தபோது ஜப்பானியர் அதுவரை சாப்பிட்டு வந்த மாவு கரைத்த ஆங்கிலேயக் கறி கறியே அல்ல என்று சொல்லி, எலும்போடு கூடிய கோழிக்கறியை அங்கே அறிமுகப்படுத்தினார் போஸ். 'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்று அதற்கு இன்றும் பெயர். 1943 ஜூலையில் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவரும் இதே போஸ்தான்.

கறி எப்படி இருந்தது? மசாலா மென்மை, உறைப்பு குறைவு, ஆனால் பொய் இல்லாத கோழிக்கறி. கறி தனிக் கிண்ணத்தில், வெள்ளைச் சோறு தனித் தட்டில், ஊறுகாய் வகைகள் பக்கத்தில். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பொண்டாட்டி போயி ரெண்டு வருஷத்துல, மாமனார் கடைக்கே போயி நின்னு சமையல் சொல்லிக் குடுத்திருக்காரு. எப்படி முடிஞ்சிருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, கின்ஸா. கபுகி நாடக அரங்குக்குப் பக்கத்தில் 'நாயர்ஸ்' என்ற சிறு உணவகம். திருவனந்தபுரத்தில் பிறந்து, படிப்பதற்காக 1928இல் ஜப்பான் வந்து, அந்த ராஷ் பிகாரி போஸோடு சேர்ந்து சுதந்திரத்துக்காக உழைத்த ஏ.எம். நாயர் 1949இல் தொடங்கியது. மேசைகள் நெருக்கமாக இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வழியில்லை. என் கார் தத்துவத்துக்கு அன்று விடுமுறை, எதிரெதிரேதான் உட்கார்ந்தோம்.

அங்கே புகழ்பெற்றது 'முருகி லஞ்ச்'. முருகனுக்குப் பெண்பால் என்று நினைத்துவிடாதீர்கள். கோழிக்கு இந்தியில் முர்கி, அது ஜப்பானிய நாக்கில் அப்படி ஆகிவிட்டது. தட்டில் மஞ்சள் சோறு, வேக வைத்த முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் நீண்ட நேரம் குழம்பில் வெந்த கோழிக்கால். பரிமாறுபவர் நம் கண் முன்னாலேயே கரண்டியால் எலும்பை உருவி எடுத்துவிடுகிறார். எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்கிறார். சும்மா கலப்பது போதாது. சோறு, கோஸ், கிழங்கு, கறி எதுவும் தனியாகத் தெரியக்கூடாது. எதையும் எதோடும் படாமல் அடுக்கி வைத்துச் சாப்பிடும் ஊரில், பிசைந்து சாப்பிடு என்று சொல்லும் ஒரு கடை!

அவர் கலந்தார். கலந்து முடித்துக் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இப்படித்தான் பெசைவாரு" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ராத்திரி பத்து மணிக்குத்தான் லோரி வந்து நிக்கும். நாங்க சாப்பிட்டுத் தூங்கிருப்போம். அவரு தட்டுல ஒக்காந்தா நானும் தங்கச்சியும் எந்திரிச்சு வந்துருவோம். சாப்பிட்டாச்சுன்னு அவருக்கும் தெரியும். ஆளுக்கு மூணு உருண்ட. மூணாவது உருண்டையிலதான் கோழி இருக்கும். மொத ரெண்டும் வெறுஞ்சோறு, ஏமாத்துவாரு."

சிரித்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைசியா இந்தக் கையாலதான அவருக்கு வாய்க்கரிசி போட்டேன். அதுக்கப்புறம் சோத்துல கை வச்சா அந்த அரிசிதான் ஞாபகம் வருது. அதான் கரண்டி."

கரண்டி துறைமுகக் கேண்டீன் பழக்கம் என்றுதான் அதுவரை நான் எண்ணியிருந்தேன். "அப்ப ஓனிகிரி?" என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அதுல சோறு கையில படாதுல்ல. தாள்தான படும்" என்றார். அவர் அதை எல்லாம் யோசித்து வைத்திருந்தார். பத்து மாதமாக, ஒவ்வொரு வேளையும்.

வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வருவார். அந்த மேசையில் எவ்வளவு நேரம் போனதோ. ஓடி வந்தது பரிமாறுபவர்தான். தண்ணீர் ஊற்ற வந்தவர் கலக்காமல் கிடந்த என் தட்டைப் பார்த்துப் பதறிவிட்டார். கையால் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார், கலக்குங்கள், கலக்குங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். கரண்டியால்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதன்பிறகு அவர் பேச்சு நிற்கவில்லை. கபுகி அரங்கின் வாசலில், ரயிலில், அன்று மாலை சாலையோரம் நின்று ஒரு சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டாகப் பிட்டுத் தின்றபோது, எல்லா இடத்திலும் மாமா கூடவே வந்தார். லோரியில் முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப்போனது, பரிசோதனையில் தோற்றபோது அடிக்காமல் தேத்தாரே வாங்கிக் கொடுத்தது, மருத்துவமனையில் கடைசி வாரம் கஞ்சியை ஊட்டியபோது "உப்புப் பத்தலடா" என்றது. 7 வருடத்தில் நான் கேட்டிராத கதைகள். மனிதரை எனக்கும் மிகவும் பிடிக்கும் என்பதால் எனக்கும் அழுகை வந்தது. தோக்கியோவில் ரயிலில் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

இரவு அத்தையைக் காணொளியில் அழைத்தோம். "என்னடா சாப்பிட்ட?" என்பதுதான் முதல் கேள்வி.

"கோழிக்கறியும் சோறும்மா."

"அங்க போயுமா? இதுக்கா அவ்வளவு காசு குடுத்துப் பிளேன் ஏறுன?"

ஊர் திரும்பிய பிறகு ஷிப்ட் மாறிவிடவில்லை, என் அலாரமும் மாறவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவு இன்னமும் பேசுகிறது. ஞாயிறு மதியம் மட்டும் எப்பாடு பட்டாவது அத்தை வீட்டில் என்று வைத்திருக்கிறோம். அத்தைக்கு நான் வாங்கி வந்தது 100 யென் கடையில் கிடைத்த ஓனிகிரி அச்சு, முக்கோணமான பிளாஸ்டிக் பெட்டி. முதல் ஞாயிறு அதில் எலுமிச்சைச் சோற்றை அடைத்துத் தட்டினார். இரண்டு வந்தன. மூன்றாவது உடைந்து பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது.

"கையி இருக்கறப்ப இதுக்கு எதுக்குடி அச்சு?" என்று அதைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, மிச்சச் சோற்றை உருட்டி மகனை நோக்கி நீட்டினார். கடற்பாசித் தாள் ஏதும் அங்கே இல்லை. அவர் ஒரு கணம் பார்த்தார், உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

நான் குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். "இன்னொன்னு வைம்மா" என்றது மட்டும் கேட்டது.